வயதான பெற்றோர், பள்ளிக் குழந்தைகளோடு மத்தியதரைக் கடலில் க்ரூஸ் கப்பல் பயணம் போகலாமா? கரையிறங்கும் ஒரு பகலில் ஊர் பார்க்க நேரம் போதுமா?

தாராளமாகப் போகலாம். அப்பா, அம்மா, என் கணவர், பள்ளியில் படிக்கும் மகன், மகள் என்று மூன்று தலைமுறையாக நாங்கள் போய் வந்தோம். வயதானவர்களுக்கு ஐரோப்பாவைக் காட்ட இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. பெட்டியை ஒரு தடவை கேபினில் பிரித்து வைத்தால் அத்தோடு சரி. ஊருக்கு ஊர் ஓட்டல் மாற்றுவது, ரயிலில் பெட்டியைத் தூக்கி ஏற்றுவது எதுவும் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. மற்ற வகைப் பயணம் என்றால் மூன்றாம் நாளே அவர் அறையில் தங்கிவிட்டிருப்பார்.

நேரம் போதுமா என்ற கேள்விக்குப் பதில், எந்தத் துறைமுகம் என்பதில் இருக்கிறது. பலரும் கப்பலைப் பார்த்துத்தான் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், குழந்தைகளுக்குச் சறுக்கு உண்டா என்று. பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் இவை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. நீங்கள் வரைபடத்தைத் திறந்து, கப்பல் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் பார்க்க விரும்பும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஒரு பகல் போதுமா போதாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

விளம்பரத்தில் ‘ரோம்’ என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற ஊரில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். ‘புளோரன்ஸ்’ என்று போட்டிருந்தால் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். அது சுமார் 90 கிலோமீட்டர். காலை எட்டு மணிக்குக் கப்பல் கரை சேர்ந்து மாலை ஆறுக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். கூட்டத்தோடு இறங்கி வெளியே வர ஒன்பது ஆகும். ஐந்து, ஐந்தரைக்குள் எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். துறைமுகப் பஸ், ரயில் நிலையம், ரயில், மறுபடி அதே வழியில் திரும்புவது என்று கழித்தால் ரோமுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம் சொச்சம். கொலோசியம், வாட்டிகன் இரண்டையும் அதில் அடக்கப் பார்த்தால் குழந்தைகளையும் பெரியவர்களையும் விரட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். ரோமுக்குத் தனியாக நான்கு நாள் ஒதுக்கிப் போங்கள், அந்த ஊருக்கு அது தகும். லிவோர்னோவில் நின்றால் புளோரன்ஸை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பீசாவுக்கு மட்டும் போகலாம். எட்டு வயது நிரம்பாத குழந்தைகளைச் சாய்ந்த கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள் என்பதை மட்டும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது பார்சிலோனாவில் தொடங்கி மார்சேய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, மால்டாவின் வலெட்டா வழியாகச் சுற்றி, ஒரு நாள் முழுக்கக் கடலில் போய், மறுபடி பார்சிலோனாவுக்கே வரும் ஒரு வார வழித்தடம். மார்சேய் தவிர மற்ற ஊர்களில் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும். ஓர் ஊருக்கு ஒரே ஓர் இடம், அதற்குமேல் நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம்.

நேப்பிள்ஸில் அந்த ஓர் இடம் பொம்பெயி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊர். துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். துறைமுகத்துக்கு எதிரில் இருக்கும் முனிசிப்பியோ நிலையத்தில் மெட்ரோ ஏறி, கரிபால்டியில் இறங்கி, சிர்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் போனால் பொம்பெயி வாசலிலேயே இறங்கலாம். செலவு குறைவு. ஆனால் ரயிலில் நெரிசல் அதிகம், ஜேப்படித் திருடர்கள் பயமும் உண்டு. பெரியவர்கள் கூட இருந்ததால் நாங்கள் ஒரு வேன் பேசிக்கொண்டோம். கப்பலிலேயே விற்கும் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல். அதற்கு ஈடாக ஒரு நிம்மதி உண்டு: அந்தப் பஸ் போக்குவரத்தில் மாட்டித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. தூரமான இடத்துக்குக் கப்பல் சுற்றுலா, நடக்கும் தூரத்துக்குச் சொந்த ஏற்பாடு என்று வைத்துக்கொள்வது நல்லது.

பொம்பெயி மிகப் பெரியது. மொத்தம் சுமார் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டியிருக்கிறார்கள். முழுவதும் பார்க்க ஆசைப்படாதீர்கள். நடுச் சதுக்கம், ஒரு குளியல் கூடம், ஒரு ரொட்டிக் கடை, தெருவோர உணவுக் கடை ஒன்று, இவை போதும். தெருவைக் கடக்க நடுவில் உயரமான கற்களைப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் போகும் அளவுக்கு இடைவெளி, கல் தரையில் சக்கரங்கள் அரைத்த தடம். என் மகன் அந்தக் கற்களில் தாவித் தாவிப் போய், தண்ணீர் ஓடும் தெருவில் கால் நனையாமல் கடக்கத்தான் இது என்று தானே கண்டுபிடித்தான். இறந்தவர்களின் வடிவங்களைப் பற்றி மட்டும் குழந்தைகளிடம் முன்பே பேசிவிடுங்கள். சாம்பலுக்குள் உடல்கள் மக்கி ஏற்பட்ட வெற்றிடத்தில் சுண்ணச் சாந்தை ஊற்றி, கடைசி நேரத்தில் அவர்கள் கிடந்த கோலத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். 1863-இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் தொடங்கிய முறை. என் மகள் அங்கே வெகுநேரம் பேசவே இல்லை. அன்று இரவு நிறையக் கேட்டாள்.

எங்களுக்குப் புதுச்சேரி. அப்பா இளவயதில் பக்கத்தில் இருக்கும் பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் பலமுறை போனவர். மத்தியதரைக் கடலிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. பொம்பெயியில் அதே வகை ஜாடிகள் உடையாமல் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்த்து அவர் அங்கேயே நின்றுவிட்டார். யவனர்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாடல் சொல்வதைப் பேரப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொன்னார். பாடப் புத்தகத்தில் அவர்கள் படித்துவிட்டு மறந்த விஷயம்தான். அந்த ஜாடிகளுக்கு முன்னால் நின்று கேட்டபோது அவர்களுக்கு அது நிஜமாகிவிட்டது. இந்தியாவில் செதுக்கிய ஒரு தந்தச் சிலையும் 1938-இல் பொம்பெயியில் கிடைத்தது. நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடக்கவே முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் பொம்பெயிக்குப் பதிலாக அந்த அருங்காட்சியகத்துக்கே போகலாம். பொம்பெயியிலிருந்து எடுத்த ஓவியங்களும் மொசைக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. மெட்ரோவில் சில நிலையங்கள்தான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. தந்தச் சிலை இருக்கும் பகுதியில் பாலுறவுக் காட்சிகள் கொண்ட பழைய ஓவியங்களும் உண்டு, குழந்தைகளை அழைத்துப் போவதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

பொம்பெயியில் நிழல் கிடையாது. தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு கட்டாயம். நுழைவுச் சீட்டில் பெயர் போடுகிறார்கள், ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்ற வரம்பும் இருக்கிறது. ஆகவே இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம், பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

மெசினாவில் நிறையப் பேர் இறங்கியதும் தவோர்மினாவுக்கோ எட்னா எரிமலைக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். நாங்கள் ஊரிலேயே இருந்தோம். துறைமுகத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் பேராலயம். அதன் மணிக்கூண்டில் 1933-இல் வைத்த பெரிய இயந்திரக் கடிகாரம் இருக்கிறது. நண்பகல் 12 மணிக்குச் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும், பொம்மைகள் ஒவ்வொன்றாக நகரும். இலவசம். 1908-இல் நிலநடுக்கமும் கடல் அலையும் அந்த ஊரை அழித்துவிட்டன. இப்போது பார்ப்பது பெரும்பாலும் திரும்பக் கட்டியது. 2004-க்குப் பிறகு நம் கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வழித்தடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வலெட்டா. கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் நேரத்தை முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொண்டு, அலாரம் வைத்தாவது மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு பக்கமும் மஞ்சள் சுண்ணாம்புக் கல் கோட்டைகள் எழுந்து நிற்க, நடுவில் கப்பல் மெல்ல உள்ளே வரும். 1565-இல் ஒட்டோமான் படை முற்றுகையிட்ட இடம் அது. அடுத்த ஆண்டு இந்த நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் 58 மீட்டர் உயர லிப்ட் ஒன்று கோட்டைச் சுவரோடு உங்களை மேலே உள்ள பூங்காவில் கொண்டுபோய் விடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். 12 மணிக்கும் 4 மணிக்கும் அங்கே பீரங்கி சுடுவார்கள். பிறகு புனித யோவான் இணைப் பேராலயம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம், உள்ளே போனால் தரை முழுவதும் வண்ணப் பளிங்குக் கல்லறைகள். கரவாஜியோ 1608-இல் வரைந்த, திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டும் பெரிய ஓவியம் அங்கேதான் இருக்கிறது. ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாத என் அம்மா அதன் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தச் சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு பேரையும் எனக்குக் காட்டினார். தோளை மூடும் உடை வேண்டும், கூர்மையான குதிகால் செருப்பு கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை.

மார்சேயில் கப்பல் நிற்கும் இடம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. ஷட்டில் பஸ்ஸில் பழைய துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து 60-ஆம் எண் பஸ்ஸில் குன்றின் மேல் இருக்கும் மாதா கோயிலுக்குப் போகலாம். புயலில் தப்பிய மாலுமிகள் நேர்த்திக்கடனாகக் கொடுத்த சின்னச் சின்னக் கப்பல்கள் அங்கே கூரையிலிருந்து தொங்குகின்றன. வேளாங்கண்ணி கதை தெரிந்த நமக்கு உடனே ஒட்டிவிடும் இடம்.

ஜெனோவாவைக் குழந்தைகளுக்கென்று விட்டுவிட்டோம்: கொலம்பஸ் பயணத்தின் 500-ஆம் ஆண்டை ஒட்டி 1992-இல் கட்டிய பெரிய மீன் காட்சியகம், நடக்கும் தூரத்தில். பார்சிலோனாவுக்குக் கப்பல் கிளம்பும் முந்தைய நாளே போய்விடுங்கள். விமானம் தாமதமானாலும் பதற்றம் இருக்காது, சக்ராதா ஃபமிலியா என்ற பெரிய தேவாலயத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் எடுக்க வேண்டும். காலையில் போனால் கண்ணாடி வழியாக நீலமும் பச்சையுமாக வெளிச்சம் வரும், மாலையில் சிவப்பும் ஆரஞ்சும். நான் மாலையைச் சொல்வேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கள் கப்பலில் இந்திய உணவு ஏதாவது இருந்துகொண்டே இருந்தது, சைவம் என்று முன்பதிவிலேயே குறித்துவிடுங்கள். கரையில் சைவத்துக்கு ஜெனோவாவின் ஃபரினாத்தா: கடலை மாவைக் கரைத்து எண்ணெய் விட்டு அடுப்பில் சுட்டது, அம்மா இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். நேப்பிள்ஸில் மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும்தான். கண்டிப்பான சைவர்கள் பார்மேசான் சீஸைத் தவிருங்கள். அதைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள்.

பெரியவர்களின் கேபினைக் கப்பலின் நடுப் பகுதியில், லிப்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள். நடுவில் ஆட்டம் குறைவு. மார்சேய்க்கும் பார்சிலோனாவுக்கும் இடைப்பட்ட கடலில் மிஸ்ட்ரல் காற்று வீசினால் கொஞ்சம் ஆடும். போனைக் கடலில் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் சொந்த நெட்வொர்க்கில் தானாக இணைந்தால் பில் எகிறிவிடும். டிக்கெட் விலைக்கு மேல் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் போடுவார்கள், அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். நம் பள்ளி விடுமுறை வரும் மே மாதம் நல்ல காலம். கடல் குளிர்ந்திருக்கும், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அப்பாவைப் பொம்பெயிக்கு நான் அழைத்துப் போயிருக்க மாட்டேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வீசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி, சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் பயணத்தில் இந்தக் கணக்கு குழப்பும் என்பதால் முன்பதிவுத் தாளைக் காட்டி வீசா மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பெற்றோருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களையும் அது சேர்க்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். வழியில் துனிசியாவோ துருக்கியோ இருந்தால் ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி நுழைவதாக ஆகும், அப்போது பலமுறை நுழையும் வீசாவாகக் கேட்க வேண்டும்.