ஹாலோவீனும் நபிகள் வரலாறும்: முஸ்தஃபா அக்காத் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: சிரியாக்காரர் ஹாலிவுட்டுக்கு எப்படிப் போனார்?

அலெப்போவில் 1930இல் பிறந்தவர். இயக்குநராக வேண்டும் என்று புறப்பட்ட மகனுக்கு அப்பாவால் கொடுக்க முடிந்தது 200 டாலரும் ஒரு குர்ஆனும்தான். லாஸ் ஏஞ்சலிஸில் சினிமா படித்து, அங்கேயே தங்கிவிட்டார்.

கேள்வி: நபிகள் நாயகத்தைக் காட்டாமலே அவர் வரலாற்றைப் படமாக்கினாராமே?

ஆமாம், ‘தி மெசேஜ்’, 1976. உருவம் மட்டுமல்ல, குரல்கூட வராது. பல காட்சிகளில் கேமராவே நபிகளின் பார்வை. எதிரில் இருப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுவார். கதையைத் தோளில் சுமப்பவர் சிறிய தந்தை ஹம்ஸா. அதே அரங்கங்களில் ஆங்கிலத்தில் ஒன்று, அரபியில் ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தார். ஆங்கில ஹம்ஸா அந்தோனி குவின், அரபி ஹம்ஸா அப்துல்லா கைத். மொராக்கோவில் படப்பிடிப்பு பாதியில் நிறுத்தப்பட, லிபியாவுக்குப் போய் முடித்தார்கள். கிடைத்தால் அரபிப் படத்தைப் பாருங்கள். நபிகளை எதிர்க்கும் மக்காப் பெண் ஹிந்தாக வரும் முனா வாஸிஃபின் கண்களுக்காகவே நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன்.

கேள்வி: அந்தப் படத்துக்காக வாஷிங்டனில் ஆட்களைப் பிடித்து வைத்தார்களா?

1977 மார்ச்சில் ஆயுதக் குழு ஒன்று மூன்று கட்டடங்களில் சுமார் 150 பேரைப் பிணையாக வைத்தது. படத்தை நிறுத்துவது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. குவின்தான் நபிகளாக நடிக்கிறார் என்ற வதந்தி அப்போது பரவியிருந்தது. காட்டக்கூடாது என்பதற்காக அவ்வளவு பாடுபட்டவருக்கு இது நேர்ந்ததை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: ‘ஹாலோவீன்’ பேய்ப் படங்களுக்கும் இவருக்கும் என்ன உறவு?

பணம் போட்டவர். ஜான் கார்பென்டர் இயக்கிய முதல் படத்துக்கு (1978) ஆன செலவு ஏறத்தாழ 3 லட்சம் டாலர், வசூல் கோடிகளில். 2002 வரை வந்த எட்டிலும் தயாரிப்பாளராக இவர் பெயர் இருக்கும்.

கேள்வி: அவர் இறந்தது எப்படி?

2005 நவம்பர் 9, ஜோர்டானின் அம்மான் நகர ஹோட்டல்களில் அல்-காய்தா தற்கொலைத் தாக்குதல். மகள் ரீமா அங்கேயே இறந்தார், இவர் இரண்டு நாள் கழித்து. சிலுவைப் போர்க்கால சுல்தான் சலாஹுத்தீன் பற்றி அவர் எடுக்க நினைத்த படம் திட்டமாகவே நின்றுபோனது.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

‘லயன் ஆஃப் தி டெசர்ட்’. என் கணக்கில் அவருடைய சிறந்த படம். இத்தாலியை எதிர்த்து இருபது ஆண்டு போராடி, 1931இல் தூக்கிலிடப்பட்ட லிபியாவின் உமர் முக்தார் கதை. இத்தாலி 1982இல் தடை செய்தது. அங்கே தொலைக்காட்சியில் வந்ததே 2009இல்தான். தூக்குமேடையில் கிழவரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுகிறது. ஒரு சிறுவன் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறான்.