99 வெற்றிகள், காலி நாற்காலிகள்

அன்புள்ள சார்,

நான் டாம்பாவில் சில வருடங்களாக இருக்கிறேன், ஐடி வேலை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஆபீஸ் நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனதில் பேஸ்பால் பிடித்துப்போய்விட்டது. 2023இல் எங்கள் ஊர் ரேஸ் அணி 99 ஆட்டங்கள் ஜெயித்து பிளேஆஃபுக்கு வந்தது, நேரில் போய்ப் பார்த்தேன். ஸ்டேடியத்தில் பாதி காலி. ஐபிஎல் டிக்கெட்டுக்கு சேப்பாக்கத்தில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்றவன் நான், நம்பவே முடியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பேஸ்பால் செத்துக்கொண்டிருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை என்கிறார் ஒருவர். புளோரிடாக்காரனுக்குக் கடற்கரை போதும், பேஸ்பால் எதற்கு என்கிறார் இன்னொருவர். புது ஸ்டேடியம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூன்றாவது ஆள். நீங்கள் அவ்வப்போது பேஸ்பால் பற்றி எழுதுவதால் கேட்கிறேன். எது உண்மை?

ர., டாம்பா

அன்புள்ள ர.,

நீங்கள் போனது அக்டோபர் 3ஆம் தேதி ஆட்டம் என்றால் ஒரு வரலாற்றுச் சம்பவத்தை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அன்றைய கணக்கு 19,704 பேர். கொரோனா வருடமான 2020ஐ விட்டுவிட்டால், 1919க்குப் பிறகு எந்த பிளேஆஃப் ஆட்டத்துக்கும் இவ்வளவு குறைவாகக் கூட்டம் வந்ததில்லை. இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்பாலில் அறிவிக்கும் எண்ணிக்கை விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை, வாசலைத் தாண்டி உள்ளே வந்த தலைகளின் எண்ணிக்கை அல்ல. அதனால் உங்கள் கண்ணுக்கு இன்னும் காலியாகத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை. சரி, அன்று என்ன கிழமை, ஆட்டம் எத்தனை மணிக்கு? செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. தொலைக்காட்சிக்காரர்கள் ஒரே நாளில் நான்கு ஆட்டங்களை வரிசையாகக் காட்ட வேண்டுமென்று ஆளுக்கொரு நேரம் ஒதுக்கியதில், சிறிய ஊர் அணியான ரேஸுக்கு விழுந்தது மதிய நேரம். ஸ்கூல் விட்டிருக்காது, ஆபீஸ் முடிந்திருக்காது. மறுநாளும் அதே கதை, இரண்டு ஆட்டத்திலும் தோற்று வெளியேறினார்கள். ஜெயித்த டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அந்த வருடக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது, அது வேறு விஷயம்.

சேப்பாக்கத்தோடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐபிஎல்லில் ஒரு அணிக்குச் சொந்த ஊரில் லீக் ஆட்டங்கள் ஏழு. பேஸ்பாலில் 81. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடிய, கிட்டத்தட்ட இரண்டு நாளுக்கு ஒரு ஆட்டம், அதிலும் ஒரே எதிரணி வந்து உட்கார்ந்துகொண்டு மூன்று, நான்கு நாள் தொடர்ந்து ஆடும். இன்றைக்குப் போகாவிட்டால் நாளைக்குப் போகலாம், நாளைக்கு இல்லையென்றால் அடுத்த வாரம். எந்த ஆட்டமும் திருவிழா இல்லை. ஆகவே பேஸ்பால் கூட்டம் என்பது பழக்கத்தால் வருகிற கூட்டம். வேலை முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்கு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, பெரிய காரணம் எதுவும் இல்லாமல் போகிற பழக்கம். அந்தப் பழக்கம் படியாத ஊரிலும், படிந்த பழக்கத்தை முதலாளியே கெடுத்த ஊரிலும்தான் நாற்காலி காலியாகக் கிடக்கிறது.

பேஸ்பால் சாகிறது என்கிற நண்பரிடம் சில எண்களைச் சொல்லுங்கள். 2023இல் லீக் முழுவதற்கும் விற்ற டிக்கெட் 7 கோடிக்கு மேல். 2025இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் மட்டுமே 40 லட்சத்தைத் தாண்டியது. ஆட்டம் இழுக்கிறது என்ற புகாரும் பழசாகிவிட்டது. 2023இல், இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்று பந்தெறிபவருக்கு (பிட்சருக்கு)க் கடிகாரம் வைத்ததில் ஒரே வருடத்தில் சராசரியாக 24 நிமிடம் குறைந்து, இப்போது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம், நம் டி20 அதைவிட நீளம். தோற்கிற அணிக்குக் கூட்டம் வராது என்பார்கள், அதுவும் பாதி உண்மைதான். சிகாகோ கப்ஸ் 2012இல் 101 ஆட்டங்கள் தோற்றது, அந்த வருடமும் 28 லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்ட் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு நடுவே இருக்கிறது, ரயிலை விட்டு இறங்கினால் எதிரில் மைதானம். தாத்தா போன இடம், அப்பா போன இடம், நாமும் போகிறோம், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். ரேஸின் ஸ்டேடியமான டிராபிகானா ஃபீல்ட் டாம்பாவில் இல்லை, விரிகுடாவைத் தாண்டி செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த தீபகற்பம் அது. ஸ்டேடியத்தை மையமாக வைத்து அரை மணி நேரப் பயணத்துக்கு ஒரு வட்டம் போட்டால் வட்டத்தில் பெரும் பங்கு கடலுக்குப் போய்விடும், அங்கே டிக்கெட் வாங்க மீன்தான் வர வேண்டும். (மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தது. வேலிக்குப் பின்னால் தொட்டியில் திருக்கை மீன்களை விட்டு, குழந்தைகள் கையை நனைத்துத் தடவிப் பார்க்க வசதி செய்திருந்தார்கள். எனக்கு அந்த ஸ்டேடியத்தில் மனதாரப் பிடித்தது அது ஒன்றுதான்.) ஜனம் அதிகம் இருப்பது டாம்பா பக்கம். ஆறரை, ஏழு மணி ஆட்டத்துக்கு வேலை நாளில் ஹோவர்ட் ஃபிராங்க்லாண்ட் பாலத்தை எந்த நெரிசலில் தாண்ட வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே ஏன் கட்டினார்கள்? அணி கிடைப்பதற்கு முன்பே கட்டிவிட்டார்கள். 1990இல் ஸ்டேடியம் தயார். சிகாகோ வைட் சாக்ஸ் வருவதாக இருந்தது, வரவில்லை. 1992இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் வருவதாக இருந்தது, அதுவும் வரவில்லை. கடைசியில் 1998இல் புது அணியாக ரேஸ் வந்தபோது கட்டடத்தின் பாணியே பழசாகியிருந்தது. கூரைக்கு அடியில் வளையம் வளையமாகத் தொங்கும் நடைபாலங்களில் பந்து போய் மோதும், எந்த வளையத்தில் பட்டால் என்ன தீர்ப்பு என்று தனி விதியே எழுதி வைத்திருந்தார்கள்.

இன்னொரு சிக்கல், அங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே ஒரு அணி இருக்கிறது. நியூயார்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்தவருக்கு யாங்கீஸ். யாங்கீஸ் பயிற்சி ஆட்டங்களுக்கு டாம்பாவிலேயே மைதானம் வைத்திருக்கிறது, பிலடெல்பியா அணியான ஃபில்லீஸ் பக்கத்து கிளியர்வாட்டரில். ரேஸ் பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் யாரையாவது காதலித்து முடித்திருந்தார்கள். அறுபது வயதில் அணி மாறுகிற ரசிகரை நான் பார்த்ததில்லை. அவருடைய பேரன்தான் ரேஸ் ரசிகனாக வளர வேண்டும், அதற்கு ஒரு தலைமுறை பிடிக்கும்.

2010 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பிளேஆஃப் இடத்தை உறுதி செய்யக்கூடிய ராத்திரி, வந்தது 12 ஆயிரம் சொச்சம் பேர். ரேஸ் வீரர் இவான் லொங்கோரியா பத்திரிகைக்காரர்களிடம் வருத்தப்பட, பிட்சர் டேவிட் பிரைஸ் ட்விட்டரில் வெட்கக்கேடு என்று எழுதிவிட்டார். ஊரில் பெரிய சலசலப்பு. இரண்டு நாள் கழித்து, சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு நிர்வாகம் 20 ஆயிரம் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தது. 36 ஆயிரம் பேருக்கு மேல் வந்து நிரம்பி வழிந்தது. ரேஸ் தோற்றுப்போனது! வீரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் பாலத்தைத் தாண்டி வந்து உட்கார்ந்திருந்த 12 ஆயிரம் பேர் முன்னால் வராதவர்களைத் திட்டியது எப்படிப் பார்த்தாலும் அசட்டுத்தனம்.

டாம்பா கதையில் கெட்டவர்கள் என்று யாரும் இல்லை. இடம் தப்பு, காலம் தப்பு, அவ்வளவுதான். மயாமி கதை அப்படி இல்லை.

மயாமி அணியான மார்லின்ஸ் 1993இல் தொடங்கியது, முதல் வருடமே 30 லட்சம் டிக்கெட். 1997இல் கோப்பை. உடனே அப்போதைய முதலாளி வெய்ன் ஹைசெங்கா வீரர்களை ஒவ்வொருவராக விற்றுத் தள்ள, மறு வருடம் 108 தோல்வி. 2003இல் மறுபடி கோப்பை, இந்த முறை யாங்கீஸை வீழ்த்தி. சில வருடங்களில் அந்த அணியையும் கலைத்தார்கள். பந்தியில் உட்கார வைத்து, சோற்றில் கை வைத்ததும் இலையை உருவுகிற வேலை. இதற்குள் ஜெஃப்ரி லோரியா முதலாளியாகியிருந்தார், அதற்கு முன்னால் அவர் மான்ட்ரியால் எக்ஸ்போஸ் வைத்திருந்தவர். அந்த அணி 2004இல் ஊரையே விட்டுப் போனது. அதன் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு 31 ஆயிரம் பேர் வந்தார்கள், எதிரணி யார் தெரியுமா, லோரியாவின் மார்லின்ஸ்தான்.

லோரியா காசே இல்லை, புது ஸ்டேடியம் கட்டித் தந்தால்தான் நல்ல அணி வைக்க முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளாட்சி நிர்வாகம் ஒப்புக்கொண்டது, செலவில் பெரும்பகுதி வரிப்பணம். 2010இல் அணியின் கணக்குகள் வெளியே கசிந்தபோதுதான் முந்தைய இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 5 கோடி டாலர் லாபம் பார்த்திருப்பது தெரிந்தது. மக்கள் கொதித்துப்போனார்கள், 2011இல் வாக்கெடுப்பு நடத்தி மேயரையே இறக்கிவிட்டார்கள், ஸ்டேடிய ஒப்பந்தம் அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. 2012இல் திறந்து மூடும் கூரை, ஏசி, கண்ணாடிச் சுவர் என்று அட்டகாசமாகத் திறந்தது, அந்த வருடம் 22 லட்சம் பேர். சீசன் முடிந்த நவம்பரிலேயே ஹோசே ரேயஸ், மார்க் பெர்லி, ஜாஷ் ஜான்சன் எல்லோரையும் டொரான்டோவுக்குத் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் 16 லட்சத்துக்கும் கீழே. 2018இல், முதலாளி மாறிய பிறகும், 8 லட்சம்தான்; புது முதலாளிகள் வந்தவுடன் செய்த காரியங்களில் ஒன்று 2017இன் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய ஜியன்கார்லோ ஸ்டான்டனை யாங்கீஸுக்கு அனுப்பியது.

புளோரிடாக்காரனுக்கு பேஸ்பால் தெரியாது என்றவரை நீங்கள் அழைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் இதே மயாமி ஸ்டேடியம், நாடுகள் மோதும் வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் நடக்கும்போது. 2023இல் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, புவெர்ட்டோ ரிக்கோ ஆட்டங்களுக்கு மேளமும் ஊதுகுழலுமாக ஸ்டேடியம் அதிர்ந்தது. இறுதி ஆட்டத்தில் ஓட்டானி, அமெரிக்காவுக்கு ஆடிய தன் லீக் அணித் தோழர் டிரவுட்டை அவுட் ஆக்கி ஜப்பானுக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது 36 ஆயிரம் பேர் உள்ளே. அந்த ஊரில் கியூபாக்காரர்களின் பேரப்பிள்ளைகள் பேஸ்பாலை உயிராக நேசிக்கிறார்கள். மார்லின்ஸை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு முதலாளி இப்படி நடந்தும் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பீர்கள். தேசியத் தொலைக்காட்சிப் பணம் முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிகிறது. உள்ளூர் வருமானத்திலும் கிட்டத்தட்ட பாதியைப் பொதுவில் போட்டுப் பங்கிடுகிறார்கள், பெரிய ஊர் அணியிலிருந்து சிறிய ஊர் அணிக்குப் போகும். வீரர்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு செலவழிக்க வேண்டும் என்ற விதி கிடையாது. ஐரோப்பியக் கால்பந்துபோலக் கடைசி இடத்துக்கு வந்தால் கீழ்நிலை லீகுக்கு இறக்குவதும் கிடையாது. ஆக, மலிவான அணியை இறக்கி, காலி ஸ்டேடியத்தில் ஆடி, லாபமும் பார்க்கலாம். ஓக்லாந்து அணியின் முதலாளி ஜான் ஃபிஷர் இதைத்தான் உச்சத்துக்குக் கொண்டு போனார் என்பது என் எண்ணம். 2022இல் நல்ல வீரர்களை விற்றுவிட்டு, சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றினார். வந்தது 8 லட்சத்துக்கும் குறைவு. இந்த ஊரில் யாரும் வருவதில்லை என்று சொல்லி லாஸ் வேகாஸுக்கு மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்கு ரசிகர்கள் சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2023 ஜூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே எல்லோரும் சேர்ந்து வருவது என்று முடிவு செய்து, 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டையோடு 27,759 பேர் வந்தார்கள். அன்றைக்கு எதிரே ஆடியது உங்கள் ரேஸ், 2-1 என்று தோற்றது. அடுத்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். அணி போய்விட்டது.

பிட்ஸ்பர்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டிலேயே அழகான மைதானங்களில் ஒன்று அங்கே, ஆற்றங்கரையில், 2001இல் திறந்தது. அப்போது ரசிகர்கள் காசு கொடுத்துத் தங்கள் பெயர், இறந்துபோன அப்பாவின் பெயர் என்று செங்கற்களில் பொறித்து நடைபாதையில் பதிக்க வைத்தார்கள். 2025 ஏப்ரலில் அந்தக் கற்கள் ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படம் வெளியானது. நிர்வாகம் ஏதேதோ விளக்கம் சொன்னது. அப்பா பெயரை அந்தக் குவியலில் பார்த்தவரிடம் அடுத்த வாரம் போய் டிக்கெட் விற்றுப் பாருங்கள்.

ஆகையால் உங்கள் மூன்றாவது நண்பருக்கு என் பதில்: உங்கள் ஊரில் டாம்பா பக்கம் கட்டினால் கூட்டம் கூடும் என்று நினைக்கிறேன், இடம்தான் அங்கே பிரச்சினை என்பதால். ஆனால் புது ஸ்டேடியம் கொண்டுவரும் கூட்டம் ஒரு வருடக் கூட்டம், மயாமியில் பார்த்துவிட்டோம். 2024 அக்டோபரில் மில்டன் புயல் டிராபிகானாவின் கூரையைப் பிய்த்தெறிந்ததும், 2025 சீசன் முழுவதும் டாம்பாவில், 10 ஆயிரம் சொச்சம் இருக்கைகளே உள்ள யாங்கீஸ் பயிற்சி மைதானத்தில், வெயிலிலும் மழையிலும் ரேஸ் ஆடியது உங்களுக்குத் தெரியும். புது ஸ்டேடியத் திட்டமும் அந்தப் புயலுக்குப் பிறகு சிதைந்து, 2025 மார்ச்சில் முதலாளி ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பெர்க் கைவிட்டார். சில மாதங்களில் அணியையே விற்றார். சொந்தக் கூரை இல்லாத, பிளேஆஃபுக்கே 20 ஆயிரம் பேர் சேராத அந்த அணி போன விலை சுமார் 170 கோடி டாலர் என்று செய்தி.