வேகமான லைட் மெக்கை எதைக் கொண்டு அடிப்பது?

கேள்வி: மெக் (ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ராட்சதப் போர் எந்திரம்) விளையாட்டுகளில் 'லைட்' எனப்படும் சின்ன, வேகமான எந்திரங்கள் சுற்றிச் சுற்றி வந்து முதுகில் சுடுகின்றன. எந்த ஆயுதம் எடுத்தால் சமாளிக்கலாம்? ஆயுதச் சமநிலையே கோளாறா?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து மெக்வாரியர் ஆன்லைன் ஆடுகிறவன் நான். என் பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் தாமதம், 200 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கியதே இல்லை. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

மாதக்கணக்கில் விளையாட்டுக் காசு சேர்த்து முதலில் வாங்கியது அட்லஸ் என்ற மெக். 100 டன். என்னை எவன் அசைப்பான் என்று நடுத்தெருவில் நின்றேன். 20 டன் லோகஸ்ட் என்ற லைட் ஒன்று வந்தது. அதன் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர், என்னுடையது 50-ஐக்கூடத் தொடாது. நான் இடப்பக்கம் திரும்பினால் அதுவும் இடப்பக்கம் ஓடி, கடைசிவரை என் முதுகிலேயே இருந்தது. முதுகுக் கவசம் எல்லா மெக்கிலும் மெலிசு. செத்தபோது என் திரையில் இருந்தது வெறும் சுவர்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா. எருது விடும் விழாவுக்கு மாடு வளர்ப்பவர், கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. "மாட்டு பின்னாடி எவனாச்சும் ஓடுவானாடா? ஓரமா நில்லு, அது வர்ற வழியிலதான வரும்" என்றார்.

அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் வித்தையே அதுதான். முதுகைக் கட்டடத்திலோ பாறையிலோ ஒட்டி நில்லுங்கள், லைட் உங்கள் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். வெட்டவெளியில் மாட்டினால் அது ஓடும் திசையிலேயே திரும்பாதீர்கள். எதிர்த்திசையில் திரும்பினால் சுற்றி வரும்போது நேருக்கு நேர் கிடைக்கும்.

கிடைத்ததும் காலை அடியுங்கள். ஒரு கால் போனால் ஓட்டம் நொண்டியாகும், இரண்டும் போனால் ஆளே காலி. குறுக்கே பாயும் இலக்கை மெக்கின் உடம்பைவிட அதன் கைதான் சீக்கிரம் தொடரும் என்பதால், லைட்டுக்கென்று வைத்திருக்கும் பல்ஸ் லேசரைக் கையில் மாட்டுங்கள். சாதாரண லேசரின் கதிர் அதைவிட அதிக நேரம் எரியும். அதை ஓடுகிற காலில் கடைசிவரை பிடித்து வைப்பது என் கைக்கு வராத வேலை. பல்ஸ் சட்டென்று முடியும்.

எதிரியைக் குறியில் பூட்டி, அதாவது லாக் செய்துவிட்டு, சும்மா சுட வேண்டுமென்றால் ஸ்ட்ரீக் ஏவுகணை. லாக் இல்லாமல் அது கிளம்பவே கிளம்பாது. சமநிலை பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரீக் ஒரே இடத்தில் விழாது, கை, கால், நெஞ்சு என்று சிதறும். அட்லஸ் மேல் விழுந்தால் தூறல் மாதிரி. லோகஸ்டுக்கு உடம்பு முழுக்கவே கவசம் மெலிசு, எங்கே விழுந்தாலும் வலிக்கும். அதாவது லைட்டுக்கு மருந்து இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. ஸ்ட்ரீக்கை மட்டுமே நிரப்பிக்கொண்டு வந்தவன் பெரிய மெக்கிடம் செத்தான். இதைக் கோளாறு என்று நான் சொல்ல மாட்டேன். குறி பார்க்காமலே லைட்டை வீழ்த்தும் ஆயுதம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் லைட் எடுக்க ஒருவனும் வர மாட்டான். அப்புறம் எதிரி எங்கே என்று ஓடிப் பார்த்துச் சொல்வது யார்? ஆனால் 12 மெஷின் கன்னோடு வரும் பிரான்யா என்ற லைட் மேல் எனக்கு இன்னும் தீராத கோபம் உண்டு. அதுவும் 20 டன்தான். கவசம் கிழிந்த இடத்தில் அது வாய் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் கதை முடிந்தது.

என்னைப் போல பிங் அதிகம் உள்ளவர்களுக்கு ஒன்று. பிங்குக்காக லேசரை எதிரிக்கு முன்னால் தள்ளிக் குறி வைக்காதீர்கள். நாம் சுட்ட நொடியில் எதிரி எங்கே இருந்தான் என்று சர்வர் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறது, அதனால் திரையில் தெரிகிற காலையே சுடுங்கள். காஸ் ரைஃபிள் என்ற, சார்ஜ் ஏற்றிச் சுடும் துப்பாக்கியை மட்டும் லைட்டிடம் நீட்டாதீர்கள். சார்ஜ் ஏற்றி விடுவதற்குள் அது உங்கள் முதுகுக்குப் போயிருக்கும்.