அம்மா ஓட்டக்காரி என்றால் மகளுக்கும் ஓட்டம் தானாக வந்துவிடுமா?

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் மகளை ஓடவிடும் ஒருவர் கேட்டிருக்கிறார். தானாக வராது. ஸ்காட்லாந்து ஓட்டக்காரி ஐலிஷ் மெக்கோல்கனைப் பாருங்கள். அப்பா பீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் போட்டி) வீரர். அம்மா லிஸ் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெள்ளி வாங்கியவர், ஐலிஷைப் பெற்ற ஒன்பதே மாதத்தில் 1991 டோக்கியோவில் உலக சாம்பியனும் ஆனார் (நம் வீடுகளில் அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க விடமாட்டார்கள்!).

அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கே பாதை நேராக இல்லை. அவரும் ஸ்டீபிள்சேஸில்தான் தொடங்கினார், 2015-இல் கணுக்கால் உடைந்த பிறகு தடை தாண்டும் ஓட்டத்தை விட்டுவிட்டு 5,000, அப்புறம் 10,000 என்று மாறினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் கடைசி நேர்கோட்டில் கென்யாவின் ஐரீன் செப்டாயைத் தாண்டி, 10,000 மீட்டரை 30:48.60-இல் முடித்துத் தங்கம். அம்மா 1986-லும் 1990-லும் வென்ற அதே போட்டி. அப்போது ஐலிஷுக்கு வயது 31, அதைக் கவனியுங்கள். மாரத்தானுக்கு வந்தது 2025 லண்டனில்தான், 2:24:25 எடுத்து அம்மாவின் சிறந்த நேரத்தையும் முந்திவிட்டார்.

வீட்டில் ஓட்டக்காரர் இருந்தால் கிடைக்கும் பெரிய லாபம் பொறுமைதான் என்பது என் கணிப்பு. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, நான் முதல் மூன்றிலேயே வேகம் காட்டி ஏழாவதில் குரங்குகள் வேடிக்கை பார்க்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன். மெதுவாகப் போ என்று சொல்ல அன்று பக்கத்தில் ஆள் இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.