ராத்திரி பன்னிரண்டரை மணி எந்தக் கிழமை?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். என் அண்ணி கொலம்பியாக்காரர், ஆங்கிலம் அரைகுறை. ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையில் டாக்டர் சொல்வதை அண்ணன்தான் ஸ்பானிஷில் சொல்கிறான். போன மாதம் ட்ரிகர் ஊசியை வியாழன் 12.30 ஏஎம்-க்குப் போடச் சொன்னார்கள். அண்ணி வியாழன் ராத்திரி போட்டுக்கொண்டார். வெள்ளி மதியம் 12.30-க்கு எடுத்ததில் இரண்டே முட்டை, இரண்டும் முதிராதவை. பணமும் போச்சு, வீட்டில் பேச்சும் நின்றுபோச்சு. அடுத்த முறை என்ன செய்வது, டாக்டர்?

பதில்: முதலில், இது உங்கள் அண்ணனின் ஸ்பானிஷில் உள்ள குறை இல்லை. 'வியாழன் ராத்திரி பன்னிரண்டரை' என்று தமிழில் சொன்னாலும் நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் போட்டிருப்போம்.

அந்த ஊசிதான் முட்டையைக் கடைசிக் கட்டமாக முதிரவைத்து, அது வளரும் பையின் சுவரிலிருந்து இளக்குகிறது. அதற்குச் சுமார் 36 மணி நேரம் வேண்டும். புதன் நள்ளிரவு தாண்டிப் போட்டிருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும். அண்ணிக்குக் கிடைத்தது 12 மணி நேரம். வெள்ளிக்கிழமை காலையில் யாராவது அவர் மொழியில் 'எப்போது போட்டீர்கள்?' என்று கேட்டிருந்தால், முட்டை எடுப்பதை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கலாம். எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்த முறை 'புதன் ராத்திரி தூங்காமல் இருந்து, 12 அடித்து அரை மணியில்' என்று ஸ்பானிஷில் எழுதி வாங்குங்கள். தேதியில் மாதத்தைப் பெயராக எழுதச் சொல்லுங்கள். 5/6 என்றால் அமெரிக்காவில் மே 6, கொலம்பியாவில் ஜூன் 5. மாத்திரைச் சீட்டில் 'தினம் ஒரு முறை' என்பதற்கு ஆங்கிலத்தில் எழுதும் 'ஒன்ஸ்' இருக்கிறதே, அதே எழுத்துகள் ஸ்பானிஷில் பதினொன்று! கருமுட்டைக்கும் 'ஓவுலோ', பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரைக்கும் 'ஓவுலோ'. அரைகுறை ஸ்பானிஷோடு போனை எடுப்பவர் இதில் விழுந்துவிடுவார்.

நானும் விழுந்திருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஒரு பெண் 'அபோர்தோ' என்றார். கருவைக் கலைத்திருக்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டேன். அந்தச் சொல் தானாகக் கலைவதற்கும் பொது. அவருக்கு மூன்று முறை தானாகக் கலைந்திருந்தது; அதற்கான பரிசோதனைகளே வேறு. மொழிபெயர்ப்பாளர் வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். அண்ணனின் ஸ்பானிஷ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் மொழிபெயர்ப்பாளராக இருக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன் கர்ப்பம் ஆனதுண்டா, தொற்று வந்ததுண்டா என்றெல்லாம் நாங்கள் கேட்போம். கணவர் வாய் வழியாக வரும் கேள்விக்கு எந்தப் பெண் முழுப் பதில் சொல்வார்? கேட்க மனம் வராத செய்தியை அண்ணனும் பாதியாக்கித்தான் சொல்வார். பாசம் அப்படித்தான்.

ஒப்புதல் படிவம் இதைவிடப் பெரிய விஷயம். பிரிந்தாலோ இறந்தாலோ உறைந்த கருக்கள் யாருக்கு என்று அதில்தான் எழுதுகிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மருத்துவமனையில் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம், பிரசவ வலியின்போதுகூட ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கி நிரந்தரக் கருத்தடை அறுவை செய்தார்கள். பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1978-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. நடந்தது தகவல் தொடர்புக் கோளாறு என்றார் நீதிபதி. எனவே, ஸ்பானிஷ் படிவம் கைக்கு வரும்வரை அண்ணி பேனாவைத் தொட வேண்டாம்.

அமெரிக்க மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். 2010-ல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் 1557-வது பிரிவு அது. குழந்தையின்மை மையங்களில் சில அந்த நிதியே வாங்காதவை. உங்கள் மையம் எப்படி என்று கேளுங்கள். போனிலோ வீடியோவிலோ வரும் மொழிபெயர்ப்பாளர் போதும். நர்ஸுக்கு 'கொஞ்சம் ஸ்பானிஷ் வரும்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊசி சொல்லிக்கொடுத்ததும் அண்ணியே தன் சொற்களில் திருப்பிச் சொல்லட்டும்: எந்த ஊசி, எந்த ராத்திரி, எத்தனை மணி.

அப்புறம், மையத்தின் இரவு நேர எண்ணுக்கு அண்ணியே ஒரு தடவை போன் போட்டுப் பார்க்கட்டும். ஸ்பானிஷில் பதில் வரவில்லை என்றால், அடுத்த சுழற்சி தொடங்கும் முன்பே அதற்கு என்ன ஏற்பாடு என்று மையத்திடம் பேசி முடியுங்கள்.