வாசகர் கேள்வி – பதில்: அளவுப் புத்தகத்தைக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தெருவுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு முறை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சாலை உயர, எங்கள் வாசற்படி தாழ்ந்துகொண்டே வருகிறது. மாமன்ற உறுப்பினரிடம் கேட்டால், "எல்லாமே ஆன்லைன் டெண்டர், இதில் மறைக்க ஒன்றுமில்லை" என்கிறார். ஆன்லைனில் டெண்டர் விட்டாலே அது வெளிப்படையான நிர்வாகம் ஆகிவிடுமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அது பாதிக் கதைதான். டெண்டர் பெட்டிக்கு அருகே ஆட்களை நிறுத்தி, போட்டிக்கு வந்தவரை உறை போடவிடாமல் திருப்பி அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நிலைமையோடு ஒப்பிட்டால், வீட்டிலிருந்தபடியே விலைப்புள்ளியைச் செலுத்தும் முறை பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழ்நாட்டில் இதற்கென்றே ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ஆம் ஆண்டிலும் அதற்கான விதிகள் 2000-ஆம் ஆண்டிலும் கொண்டுவரப்பட்டன. மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இவற்றுக்குக் கட்டுப்பட்டவை. 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி அளிக்கக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்ட பணிக்குக் குறைந்தது 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும். அதைக் குறைப்பதென்றால், டெண்டர் கோரும் அலுவலருக்கு மேலுள்ள அலுவலர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். யாருடைய ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டது என்பதோடு, மற்றவர்களுடையவை ஏன் தள்ளப்பட்டன என்ற காரணங்களையும் டெண்டர் இதழில் வெளியிட அனுப்ப வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கவனித்துப் பாருங்கள். இவை எல்லாம் பணி ஆணை கைக்கு வரும் வரை நடப்பவை. அந்தச் சட்டத்தின் அக்கறை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் நீளத்துக்கு, எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்குத் தார்க்கலவை போடப்பட்டது, மதிப்பீட்டில் இல்லாத கூடுதல் வேலை எது சேர்க்கப்பட்டது, எந்த அளவின்பேரில் பில் தொகை வழங்கப்பட்டது என்பவற்றை உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். பொறியியல் பிரிவில் அதை 'எம்-புக்' என்பார்கள். மக்களின் பணம் உண்மையில் கைமாறுவது இந்தப் புத்தகத்தின் வழியாகத்தான். ஆனால் தெருவில் குடியிருப்பவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

உங்கள் வாசற்படிக்கு வருவோம். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். ஆகவே உங்கள் தெருவுக்கான மதிப்பீட்டில் சுரண்டும் வேலை இருந்ததா, இருந்தால் அது செய்யப்பட்டதாக அளவுப் புத்தகத்தில் எழுதி அதற்குப் பணமும் கொடுக்கப்பட்டதா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. செய்யாத வேலைக்குப் பணம் போயிருந்தால் உங்கள் வாசற்படியே அதற்குச் சாட்சி. டெண்டர் எவ்வளவு நேர்மையாக விடப்பட்டிருந்தாலும் இந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது.

கேள்வி: மழைநீர் வடிகால் பணி ஒன்றின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டேன். "ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம்" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இத்துடன் விட்டுவிட வேண்டியதுதானா?
– சேலம் வாசகர்

பதில்: விட்டுவிடாதீர்கள். அவர்கள் சொல்வது 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு. வெளியிட்டால் மூன்றாவது நபரின் போட்டித் திறனுக்குக் கேடு விளையும் என்ற நிலையில்தான் அந்த விலக்கு பொருந்தும். அப்போதும் பொதுநலன் பெரிதென்று கருதினால் தகவலைக் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. டெண்டர் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவரின் விலையை மற்றவருக்குக் காட்டக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. வேலை முடிந்து, பொதுப்பணத்தில் பில் தொகையும் வழங்கப்பட்ட பிறகு, வடிகாலின் நீளமும் ஆழமும் எந்த வணிகத்தின் ரகசியம்? மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் மேல்முறையீட்டில் பொதுத் தகவல் அலுவலருடையதே ஒழிய உங்களுடையதன்று. மறுப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். ஒரு பகுதியை மறைக்க வேண்டியிருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு எஞ்சியதைத் தர வேண்டும் என்ற விதியையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலரும் 10 ரூபாய்க் கட்டணம் கட்டி நகல் மட்டுமே கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தில் 'தகவல் உரிமை' என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தில் ஆவணங்களை நேரில் பார்வையிடுவதும், நடந்த பணியை ஆய்வு செய்வதும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுப்பதும் அடங்கும். என்னைக் கேட்டால், சாதாரணக் குடிமகனுக்கு இதைவிடக் கூர்மையான கருவியை வேறெந்தச் சட்டமும் கொடுத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சி அலுவலகத்தில் அளவுப் புத்தகம் ஒன்றைப் பார்வையிட எனக்கு அனுமதி கிடைத்தது. நீலக் கார்பன் மையில் எழுதியிருந்த பக்கத்தில் சிமென்ட் சாலையின் நீளம் 182 மீட்டர் என்றிருந்தது. மாலையில் நானும் அந்தத் தெருக்காரர்கள் இருவரும் நாடாவைப் பிடித்து இரண்டு முறை அளந்தோம். சாலை 161 மீட்டரில் ஒரு வேப்பமரத்தடியில் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மண்தான். யாரையும் குற்றஞ்சாட்டாமல், இரண்டு எண்களை மட்டும் எழுதி, மறு அளவீடு கோரி மனுக் கொடுத்தோம். ஒரு மாதத்திற்குள் எஞ்சிய பகுதிக்கும் சிமென்ட் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் நாங்கள் நூறு முறை முறையிட்டிருந்தாலும் அது நடந்திருக்காது.

கேள்வி: எங்கள் ஊரில் எந்தப் பணிக்கும் இரண்டு, மூன்று பேருக்கு மேல் டெண்டரில் கலந்துகொள்வதில்லை. அவர்களும் முறைவைத்து எடுப்பதுபோல் தெரிகிறது. இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?
– மதுரை வாசகர்

பதில்: ஒரே ஒரு டெண்டரை வைத்து முடிவுகட்ட முடியாது. ஓராண்டின் டெண்டர் முடிவுகளை வரிசையாக எழுதிவைத்துப் பாருங்கள். தோற்றவர்களின் விலைகள் எப்போதும் மதிப்பீட்டைவிடச் சற்றே கூடுதலாகவும், வென்றவரின் விலை மதிப்பீட்டை ஒட்டியும் இருக்கிறதா? இந்த முறை தோற்றவர் அடுத்த முறை வெல்கிறாரா? வென்றவர், தோற்றவரிடமே உள் ஒப்பந்தம் கொடுக்கிறாரா? இவை ஐயத்துக்கு இடம் தரும் அடையாளங்களே தவிர நிரூபணம் அல்ல. கூடிப் பேசி விலை கேட்பதைப் போட்டிக்கு எதிரான உடன்பாடாக 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் கருதுகிறது. அது குறித்து இந்தியப் போட்டி ஆணையத்திடம் தகவல் அளிக்கலாம். கூட்டிலிருந்து முதலில் வெளிவந்து உண்மையைச் சொல்பவருக்கு அபராதத்தைக் குறைக்கவும் அச்சட்டத்தில் வழி உண்டு.

ஒப்பந்ததாரர்களை மட்டும் பார்த்தால் போதாது. பத்துத் தெருக்களின் சிறு வேலைகளை ஒரே தொகுப்பாகக் கட்டி, உள்ளூர்ச் சிறு ஒப்பந்ததாரர் எவரும் எட்ட முடியாத ஆண்டு வருமானத்தைத் தகுதியாக வைத்தால், எவரும் கூடிப் பேசாமலே போட்டி சுருங்கிவிடும். தொகுப்பு ஏன், அந்தத் தகுதி ஏன் என்பதற்குக் கோப்பில் என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: டெண்டர் முடிவு தவறென்று தெரிந்தால் பொதுமக்கள் மேல்முறையீடு செய்ய முடியுமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முடியாது. டெண்டரில் கலந்துகொண்டு பாதிக்கப்பட்டவர் மட்டுமே, ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். வரி கட்டுபவருக்கு அதில் இடம் வைக்காதது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

கேள்வி: தனி ஆளாக இதையெல்லாம் செய்து என்ன ஆகப்போகிறது? எங்கேயாவது பலன் கிடைத்திருக்கிறதா?
– தாம்பரம் வாசகர்

பதில்: கிடைத்திருக்கிறது. டெல்லியின் சுந்தர் நகரி ஏழை உழைப்பாளிகள் வாழும் பகுதி. அங்கே 'பரிவர்த்தன்' என்ற அமைப்பினர், அப்போது நடப்பில் இருந்த டெல்லி தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு மாநகராட்சிப் பணிகளின் ஒப்பந்த நகல்களைப் பெற்றனர். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு, எந்தச் சாலை போட்டதாக எழுதியிருக்கிறது, எந்தக் கைப்பம்பு வைத்ததாக எழுதியிருக்கிறது என்று மக்களிடமே படித்துக் காட்டினார்கள். 2002 டிசம்பர் 14 அன்று பொது விசாரணை நடந்தது. மொத்தம் 1.3 கோடி ரூபாய் மதிப்புள்ள 68 பணிகளைச் சரிபார்த்ததில், 64 பணிகளில் சுமார் 70 லட்சம் ரூபாய்க்கு முறைகேடு இருப்பதாகக் கண்டார்கள். அங்கே கணக்கைச் சரிபார்த்தவர்கள் தணிக்கையாளர்கள் அல்லர். தம் தெருவில் பம்பு இருக்கிறதா, இல்லையா என்று அறிந்திருந்த சாதாரண மனிதர்கள் அவர்கள்.

நீங்களும் தனி ஆளாகச் செய்ய வேண்டியதில்லை. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று நம் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தது நினைவிருக்கும். மாமன்ற உறுப்பினரும் உங்கள் அண்டை வீட்டாரும் ஒரே இடத்தில் அமரும் மன்றம் அது. அளவுப் புத்தகத்தின் நகலை அங்கே படியுங்கள். முடிந்த பணியில் பழுது ஏற்பட்டால் ஒப்பந்ததாரரே தம் செலவில் சீர்செய்ய வேண்டிய பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் மனுவில் தவறாமல் கேளுங்கள். அதுவரை பிணையாக அவரிடமிருந்து பிடித்து வைத்திருக்கும் தொகை அவருக்குத் திரும்பிப் போய்விட்டால், பிறகு வரும் பள்ளத்தை மூட மறுபடியும் உங்கள் வரிப்பணத்தில்தான் டெண்டர் விடுவார்கள். ஆகவே அந்தத் தேதிக்கு முன்னதாகவே பழுதைப் படமெடுத்து, எழுத்து மூலம் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.