கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம், அப்புறம் யூனிவர்சிட்டி: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரி ஒன்றில் ஆலோசகராக வேலை பார்ப்பதால், ஏப்ரல் வந்தால் நம்மவர்கள் கேள்விகளை அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அடிக்கடி வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

பையன் கேட்ட யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகம் எதிலும் இடம் கிடைக்கவில்லை. கம்யூனிட்டி காலேஜ் போகிறேன் என்கிறான். "ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது?" என்று வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். பட்டத்தில் காலேஜ் பெயர் வருமா அக்கா? (ஃப்ரீமான்ட்)

வராதும்மா. எந்த யூனிவர்சிட்டியில் முடிக்கிறானோ அதன் பெயரில்தான் பட்டம். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக்கும் டி ஆன்சா காலேஜில் படித்துவிட்டுத்தான் யூசி வளாகமான பெர்க்லி போனார் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் கணக்கு. பாடங்களை யூனிட் கணக்கில் அளப்பார்கள்; கலிஃபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். இரண்டு வருடத்துக்கு 60 யூனிட், ஆக 2,760 டாலர். யூசியில் ஒரு வருடக் கட்டணமே 14,000 டாலரைத் தாண்டும். முதல் தடவையாக, முழுநேரமாகப் படிக்க வருபவர்களுக்குப் பல காலேஜ்கள் இந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கின்றன. பையன் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிப்பான், அது தனி லாபம். மூன்றாம் வருடத்தில் சேர விண்ணப்பிக்கும்போது யூசி அவனுடைய ஹைஸ்கூல் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. பழைய கணக்கு அங்கேயே முடிந்தது.

கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருட அசோசியேட் டிகிரி வாங்கினால்தான் யூனிவர்சிட்டிக்கு மாற முடியுமா? (சன்னிவேல்)

யூசிக்கு அந்த டிகிரி தேவையே இல்லை. யூசி ஏற்றுக்கொள்ளும் 60 யூனிட், அதற்குள் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, மற்ற துறைகளில் நான்கு, இவற்றோடு உங்கள் மேஜருக்கான (முதன்மைத் துறை) பாடங்கள். இதுதான் அவர்கள் கேட்பது.

மாநிலத்தின் இன்னொரு யூனிவர்சிட்டி அமைப்பான கால் ஸ்டேட் வேறு மாதிரி. 2010இல் வந்த சட்டப்படி, மாற்றத்துக்கென்றே வடிவமைத்த அசோசியேட் டிகிரி ஒன்று இருக்கிறது. அதை முடித்தால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் இடம் உறுதி; அதே பாடப்பிரிவு இருக்கும் வளாகத்தில் இன்னும் 60 யூனிட் படித்தால் இளநிலைப் பட்டம். ஆனால் உறுதி அமைப்புக்குத்தான், நீங்கள் கேட்கும் வளாகத்துக்கு இல்லை. சான் ஹோசே ஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தே தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையில் பிள்ளைகள் கோட்டை விடுவது டிகிரியில் இல்லை, பாட வரிசையில். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் என்று வரும் பிள்ளை முதல் செமஸ்டரில் ஓவியம், உளவியல், சினிமா ரசனை என்று சுலபமானதாக எடுத்து, கணிதத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடும். கால்குலஸ் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்க முடியும். கால்குலஸ் தொடங்காமல் இன்ஜினியரிங் மாணவர்களுக்கான இயற்பியல் தொடருக்குள் விடமாட்டார்கள். அந்த இயற்பியல் இல்லாமல் ஸ்டாட்டிக்ஸ் (விசைகளின் சமநிலை பற்றிய இன்ஜினியரிங் பாடம்) கிடையாது. முதல் செமஸ்டரில் ஒரு கணக்குப் பாடத்தை விட்டால் கடைசியில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார வேண்டிவரும். கையில் அறுபது யூனிட் இருக்கும், போக வழி இருக்காது.

அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம் இலவசம். உங்கள் காலேஜ், போக நினைக்கும் வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும். சேருவதற்கு முன்பே இரண்டு மூன்று வளாகங்களின் பக்கங்களை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெர்க்லி கேட்பதும் டேவிஸ் கேட்பதும் ஒன்றாக இருக்காது.

யூசியில் இட உத்தரவாதம் கேட்கும் டேக் விண்ணப்பம் போட்டால் இடம் நிச்சயம் என்கிறார்களே? (இர்வைன்)

ஆறு யூசி வளாகங்களில் அந்த உத்தரவாதம் உண்டு: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். எல்லா மேஜருக்கும் கிடையாது. சாண்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி டேக்கில் இல்லை. டேக் போட்டாலும் வழக்கமான விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பியாக வேண்டும், அதில் மற்ற வளாகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜனவரியில் புது மதிப்பெண்களைப் பதிவேற்றச் சொல்வார்கள். அதை மறந்து கையிலிருந்த இடத்தைப் பறிகொடுப்பவர்கள் வருடாவருடம் இருக்கிறார்கள்.

நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா இது? (மதுரை, பேத்திக்காகக் கேட்கிறேன்)

கொஞ்சம் அப்படித்தான் ஐயா. அங்கே டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்வார்கள், இங்கே மூன்றாம் வருடத்தில். ஆனால் இங்கே பட்டறைப் பயிற்சியைவிட யூனிவர்சிட்டியின் முதல் இரண்டு வருடப் பாடங்களே அதிகம்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். எஃப்-1 மாணவர் விசாவில் நேரே கம்யூனிட்டி காலேஜ் வரலாமா? (கோயம்புத்தூர்)

வரலாம் தம்பி. ஆனால் மேலே சொன்ன 46 டாலர் உனக்கு இல்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல மடங்கு. செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும், அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுதான் கணக்கில் சேரும். யூனிவர்சிட்டி மாறும்போது புது ஐ-20 (விசாவுக்கான சேர்க்கைச் சான்று) வரும், செவிஸ் (அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேடு) பதிவையும் காலேஜ் அங்கே மாற்றித் தரும். அசோசியேட் டிகிரி முடித்தாலே 12 மாத ஓபிடி (படிப்பு சார்ந்த வேலைக்கான அனுமதி) கேட்கலாம், இளநிலை முடித்த பிறகு அந்த நிலைக்குத் தனியாக இன்னொன்று உண்டு. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஓபிடியைக் கூட்டித் தரும் ஸ்டெம் நீட்டிப்பு மட்டும் அசோசியேட்டுக்குக் கிடையாது. இரண்டு வருடம் மலிவு என்பதை மட்டும் பார்த்து வராதே. அடுத்த இரண்டு வருட யூசி கட்டணத்துக்கும் அப்பாவிடம் இப்போதே பேசிவிடு.

மகள் எச்-4 (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா). அவளுக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டா? (சான் ரமோன்)

எச்-4இல் இருப்பவர்கள் கலிஃபோர்னியா ரெசிடென்சி, அதாவது உள்ளூர்க் கட்டணத்துக்கான மாநிலவாசித் தகுதி, கேட்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்கு ஆதாரம் எடுத்து வையுங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், யூசி போகும் நேரம் அதுவாகவே இருக்கும். எஃப்-1க்கு மாறினால் கட்டணம் என்ன ஆகும் என்பதை அந்த வளாகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கெமிஸ்ட்ரியில் "சி" வந்துவிட்டது. திரும்ப எழுதி "ஏ" வாங்கட்டுமா? (டப்ளின்)

வேண்டாம். "சி" வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்தாலும் யூசி அந்தப் புது மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளாது. "டி", "எஃப்" என்றால் படிக்கலாம். யூசியில் சேர்ந்ததும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) புதிதாகத் தொடங்கும், யூனிட்கள் மட்டுமே கூட வரும். ஆனால் மெடிக்கல் ஸ்கூல் எண்ணம் இருந்தால் காலேஜ் மதிப்பெண்கள் எல்லாவற்றையும் கேட்பார்கள், அதனால் அடுத்த கெமிஸ்ட்ரியில் ஒழுங்காக உட்காருங்கள்.